எரேமியாவும் எருசலேமின் வீழ்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் எரேமியா புத்தகத்தை எடுத்தால் முதல் வாரம் எல்லோரும் ஆர்வமாக வருவார்கள். மூன்றாம் வாரம் கேள்விகள் குவியத் தொடங்கும். யார் இந்த ராஜாக்கள், ஏன் இவ்வளவு கோபம், எது முன்னால் நடந்தது, எது பின்னால்? அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என்னால் முடிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பெயர்களெல்லாம் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் உள்ளபடியே.

தீர்க்கதரிசி என்றால் வரப்போவதைச் சொல்பவர்தானே?

அது அவர்கள் வேலையில் ஒரு பகுதி, அதுவும் சிறிய பகுதி. ஆமோஸ், ஓசியா, ஏசாயா, மீகா, எரேமியா ஆகியோரின் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான வசனங்கள் அவர்கள் கண்முன்னே நடந்துகொண்டிருந்தவற்றைப் பற்றியவை: சந்தையில் கள்ளத் தராசு, நீதிமன்றத்தில் லஞ்சம், விதவையின் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளும் பணக்காரன், கையில் இரத்தத்தோடு பலிபீடத்துக்கு வருகிறவன். "இப்படியே போனால் இதுதான் முடிவு" என்கிற இடத்தில்தான் எதிர்காலம் வருகிறது. அந்த எச்சரிக்கையிலும் "திரும்புங்கள்" என்ற அழைப்பு உள்ளே இருக்கும். மனந்திரும்பினால் தண்டனை விலகும் என்று எரேமியா 18-ஆம் அதிகாரம், குயவன் வீட்டுக் காட்சியில், நேரடியாகவே சொல்கிறது.

நம் சபைகளில் இன்று "தீர்க்கதரிசனம்" என்றால் வேலை கிடைக்கும், விசா வரும், கல்யாணம் கூடும் என்று மேடையிலிருந்து சொல்வது என்றாகிவிட்டது. இது எனக்கு வருத்தம் தருகிறது. எரேமியாவிடம் போய் அப்படிக் கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில்கள் அவர்களுக்குப் பிடித்தவையாக இருக்கவில்லை.

எரேமியா எந்தக் காலத்தவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

எருசலேமுக்கு வடக்கே நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஆனதோத் என்ற ஊரில், ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் பெயர் இல்க்கியா. எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டின் ராஜா யோசியாவின் 13-ஆம் வருஷத்தில், அதாவது கி.மு. 627 வாக்கில், அவருக்கு அழைப்பு வந்தது. "நான் சிறுபிள்ளை" என்று தயங்கினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பேசினார்.

அந்த நாற்பது ஆண்டுகள் உலகமே புரண்ட காலம். கி.மு. 612-இல் அசீரியாவின் தலைநகர் நினிவே விழுந்தது. 609-இல் எகிப்தின் பார்வோன் நேகோவைத் தடுக்கப்போன யோசியா, மெகிதோவில் கொல்லப்பட்டார். 605-இல் கர்கேமிஸ் போரில் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் எகிப்தை முறியடித்தார். அன்றிலிருந்து யூதா பாபிலோனின் நிழலில். யோசியாவின் மகன் யோயாக்கீம் ராஜா கப்பம் கட்டினார், பிறகு முரண்டுபிடித்தார். 597-இல் அவர் மகன் யோயாக்கீன் சரணடைந்து சிறையாகப் போனார். பாபிலோன் உட்காரவைத்த சிதேக்கியாவும் கலகம் செய்தார். ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பின், கி.மு. 587 அல்லது 586-இல் (அறிஞர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள்) நகரம் விழுந்து ஆலயம் எரிந்தது.

எருசலேம் விழவே விழாது என்று மக்கள் நம்பியது ஏன்? அவர்கள் அவ்வளவு அறியாதவர்களா?

இல்லை. அவர்கள் நம்பிக்கைக்குச் சரித்திர ஆதாரம் இருந்தது, இதைப் புரிந்துகொண்டால்தான் எரேமியாவின் தனிமை புரியும். கி.மு. 701-இல், எசேக்கியா ராஜாவின் நாளில், அசீரிய ராஜா சனகெரிப் யூதாவைச் சூறையாடினார். 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டிலடைத்த பறவைபோல எருசலேமில் அடைத்ததாகவும் அவருடைய கல்வெட்டே சொல்கிறது. ஆனால் எருசலேமைப் பிடித்ததாக அது சொல்லவில்லை! கர்த்தர் இந்த நகரத்தைக் காப்பார் என்று ஏசாயா சொன்னார், நகரம் தப்பியது.

நூறு ஆண்டுகளில் அந்த விடுதலை ஒரு சூத்திரமாகிவிட்டது. ஆலயம் இருக்கிறது, ஆகையால் நமக்கு ஒன்றும் வராது. எரேமியா ஆலய வாசலில் நின்று அதைத்தான் உடைத்தார். "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று மும்முறை சொல்லிக்கொள்கிறீர்கள். திருடி, கொலைசெய்து, விபசாரம்பண்ணி, பொய்யாணையிட்டுவிட்டு இங்கே வந்து தப்பினோம் என்கிறீர்கள். சீலோவுக்குப் போய்ப் பாருங்கள், அங்கேயும் என் வாசஸ்தலம் இருந்தது, அதற்கு நான் செய்ததைப் பாருங்கள் என்கிறார் கர்த்தர் (7-ஆம் அதிகாரம்). ஏசாயாவுக்கு உண்மையாக இருந்த சொல், வேறு தலைமுறையின் வாயில், வேறு நடத்தையோடு சேர்ந்து, பொய்யாகிவிட்டிருந்தது.

அந்தப் பிரசங்கத்துக்காக அவரைக் கொல்லப் பார்த்தார்களாமே?

ஆம். 26-ஆம் அதிகாரத்தில் ஆசாரியரும் தீர்க்கதரிசிகளும் "இவன் சாகவேண்டும்" என்றார்கள். அப்போது ஊர்ப் பெரியவர்கள் சிலர் எழுந்து, மொரேசா ஊர் மீகா நூறாண்டு முன்பே "சீயோன் வயல்போல உழப்படும்" என்று சொன்னாரே, எசேக்கியா அவரைக் கொன்றாரா, கர்த்தருக்குப் பயந்தார் அல்லவா என்று வாதாடினார்கள். ஒரு தீர்க்கதரிசியின் சொல்லை இன்னொரு தீர்க்கதரிசிக்குச் சாட்சியாக நிறுத்திய அரிய இடம் இது. சாப்பானின் மகன் அகீக்காமும் துணை நின்றதால் எரேமியா பிழைத்தார். அதே செய்தியைச் சொன்ன செமாயாவின் மகன் உரியாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எகிப்துக்கு ஓடிப்போன அவரை ஆள் அனுப்பிப் பிடித்துவந்து யோயாக்கீம் வெட்டிப்போட்டார். உரியாவைப் பற்றி வேதாகமத்தில் நாலு வசனம்தான் இருக்கிறது. அதை வாசிக்காமல் கடந்துபோகாதீர்கள்.

எரேமியா கண்டித்தது விக்கிரக ஆராதனையைத்தானே?

அதை மிகக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது நமக்கு வசதியான வாசிப்பு, ஏனென்றால் நம் வீட்டில் பாகால் சிலை இல்லை. 22-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். யோயாக்கீம் கேதுரு மரம் பதித்து, சிவப்புச் சாயம் பூசி, விசாலமான அரண்மனை கட்டுகிறார். கட்டியவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அவருடைய தகப்பன் யோசியாவை நினைவுபடுத்துகிறார்: அவரும் சாப்பிட்டார், குடித்தார், ஆனால் ஏழை எளியவனின் நியாயத்தை விசாரித்தார், என்னை அறிகிற அறிவு இதுவல்லவா என்கிறார் கர்த்தர். கடவுளை அறிவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

34-ஆம் அதிகாரம் இன்னும் மோசம். முற்றுகை இறுகியபோது சிதேக்கியாவும் பிரபுக்களும் எபிரெய அடிமைகளை விடுதலையாக்குவதாக உடன்படிக்கை செய்து விட்டுவிட்டார்கள். எகிப்தின் படை வருகிறது என்று கேட்டு பாபிலோனியர் தற்காலிகமாக விலகினார்கள். ஆபத்து நீங்கியது என்று எண்ணி, விடுவித்தவர்களையே மறுபடி பிடித்து அடிமையாக்கினார்கள். எரேமியாவின் வாயிலிருந்து வந்த மிகக் கொடிய வாக்குகளில் ஒன்று அன்று வந்தது: நீங்கள் அவர்களுக்கு விடுதலை கூறவில்லை, இதோ, பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்கள்மேல் நான் விடுதலை கூறுகிறேன்.

பாபிலோனுக்குச் சரணடையச் சொன்னாரே, அது தேசத்துரோகம் இல்லையா?

அவருடைய காலத்துப் பிரபுக்கள் அப்படித்தான் நினைத்தார்கள். யுத்தமனுஷரின் கைகளைத் தளரப்பண்ணுகிறான் என்று குற்றம்சாட்டி, அவரைத் துரவில் இறக்கினார்கள். தண்ணீர் இல்லை, சேறு, அதில் அமிழ்ந்தார். அவரைக் காப்பாற்றியவர் எத்தியோப்பியரான அரண்மனைப் பணியாளர் எபெத்மெலேக். கயிறு அறுக்காமலிருக்க அக்குளில் வைத்துக்கொள்ளப் பழைய கந்தைத் துணிகளையும் சேர்த்து இறக்கினார். இவ்வளவு பெரிய அரசியல் கொந்தளிப்பின் நடுவே அந்தக் கந்தைத் துணிகளை எழுதிவைத்த கைக்கு நான் நன்றியுள்ளவன்.

துரோகியா என்ற கேள்விக்கு 40-ஆம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. நகரம் விழுந்த பின் பாபிலோனியத் தளபதி நேபுசராதான், என்னோடு பாபிலோனுக்கு வா, உன்னைப் பராமரிப்பேன் என்கிறார். எதிரிக்காக வேலைசெய்தவர் என்றால் கூலி வாங்கும் நேரம் அது. எரேமியா போகவில்லை. தேசத்தில் மீந்திருந்த ஏழைகளோடு மிஸ்பாவில் தங்கினார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் நகரமும் ஆலயமும் சிதேக்கியாவின் பிள்ளைகளும் பிழைத்திருப்பார்கள் (38:17). ரிப்லாவில் அந்தப் பிள்ளைகளைத் தகப்பன் கண்முன்னே வெட்டி, பிறகு தகப்பனின் கண்களைக் குருடாக்கினார்கள்.

பொய்த் தீர்க்கதரிசியை எப்படி அடையாளம் காண்பது?

அன்றைக்கு இது எளிதாக இருக்கவில்லை. சிதேக்கியாவின் நாலாம் வருஷத்தில் கிபியோன் ஊர் அனனியா ஆலயத்தில் நின்று, இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறியும், கொண்டுபோன ஆலயப் பணிமுட்டுகளும் யோயாக்கீன் ராஜாவும் திரும்பி வருவார்கள் என்றார். அவரும் "கர்த்தர் சொல்லுகிறார்" என்றுதான் தொடங்கினார். பாபிலோனுக்குப் பணியுங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து எல்லோர் முன்னும் உடைத்தார்.

எரேமியா என்ன செய்தார்? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அதுதான் ஆசை. முன்னிருந்த தீர்க்கதரிசிகள் யுத்தத்தையும் பஞ்சத்தையும் சொன்னார்கள், சமாதானம் சொல்பவனோ அது நடந்தால்தான் அறியப்படுவான் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வழியே போனார். உடனே எதிர்வாக்கு சொல்லவில்லை. வார்த்தை வரும்வரை காத்திருந்தார். பிறகு வந்தது, அனனியா அந்த வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்தார்.

சமாதானமில்லாதபோது சமாதானம் என்று சொல்லி, ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாகக் குணமாக்குகிறார்கள் என்ற எரேமியாவின் குற்றச்சாட்டு (6:14) எனக்கு இன்றும் உரைகல்லாக இருக்கிறது. கேட்பவர் விரும்புவதை மட்டுமே எப்போதும் சொல்லும் வாக்கை நான் சந்தேகிக்கிறேன்.

"உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற 29:11 எங்கள் புத்தாண்டு வாக்குத்தத்தமாக வந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

முதலில் அது ஒரு கடிதத்தில் உள்ள வரி என்று தெரிந்து எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 597-இல் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அங்கேயும் சில தீர்க்கதரிசிகள் சீக்கிரம் ஊர் திரும்புவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள், எழுபது வருஷம் ஆகும்.

எழுபது வருஷம் என்றால் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பமாட்டார்கள். அதற்கு அடுத்த வசனம்தான் 29:11. "நீங்கள்" என்பதும் ஒரு ஜனத்தை. தனி ஒருவரின் இந்த ஆண்டுத் திட்டத்தை அல்ல. இப்படிச் சொன்னால் வசனத்தின் இனிமை போய்விடுகிறது என்று ஒரு சகோதரி என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டது கிடைக்காத ஆண்டிலும் கிழியாத வசனம் இது. கி.மு. 539-இல் பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தார். அடுத்த ஆண்டு வாக்கில் திரும்பிப்போக அனுமதி வந்தது. போனவர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்.

எத்தனை பேரைச் சிறைபிடித்துப் போனார்கள்?

எரேமியா 52 மூன்று தடவைகளில் 3023, 832, 745 என்று கணக்குக் கொடுக்கிறது, மொத்தம் 4600. இரண்டாம் ராஜாக்கள் 24 முதல் தடவைக்கே 10,000 என்கிறது. ஒரு கணக்கு குடும்பத் தலைவர்களை மட்டும் எண்ணியது என்று சிலர் விளக்குவார்கள். எப்படியும் தேசம் முழுவதும் காலியாகவில்லை. ஏழைகளுக்குத் திராட்சத்தோட்டமும் வயலும் கொடுத்து விட்டுப்போனார்கள்.

இதற்கெல்லாம் வேதாகமத்துக்கு வெளியே சான்று உண்டா?

எரேமியா காலத்துக்கு இருக்கும் அளவு சான்று பழைய ஏற்பாட்டின் பல காலங்களுக்கு இல்லை. 597-இல் நேபுகாத்நேச்சார் யூதாவின் நகரத்தைப் பிடித்து, ராஜாவைச் சிறையாக்கி, தனக்கு இஷ்டமான ராஜாவை வைத்ததைப் பாபிலோனிய நாளாகமம் தன் நாட்காட்டியின் ஆதார் மாதம் இரண்டாம் தேதி என்று நாள் குறித்தே சொல்கிறது. பாபிலோன் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவருடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய்ப் படி அளந்த கணக்கு இருக்கிறது.

லாகீஸ் கோட்டையில் 1935-இல் மட்பாண்டத் துண்டுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. ஒன்றில் ஒரு படைவீரர், லாகீசின் தீக்குறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்கிறார். கடைசியாக மிஞ்சிய அரணான பட்டணங்கள் லாகீசும் அசெக்காவும் என்று எரேமியா 34:7 சொல்வதோடு சேர்த்து வாசித்தால் நெஞ்சு பதறும்.

எனக்கு மிகவும் நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. அதற்கு 36-ஆம் அதிகாரத்தைச் சொல்ல வேண்டும். எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற அவருடைய எழுத்தர் எழுதிய சுருளை, குளிர்காலத்தில் கணப்பருகே உட்கார்ந்திருந்த யோயாக்கீமுக்கு வாசித்தார்கள். மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டார். வேண்டாம் என்று கெஞ்சிய மூவரில் ஒருவர் சாப்பானின் மகன் கெமரியா. எரேமியா இன்னொரு சுருள் எடுத்தார், பாருக்கு எல்லாவற்றையும் மறுபடி எழுதினார், இன்னும் பல வார்த்தைகளும் சேர்ந்தன. 1982-இல் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியில், பாபிலோனியர் எரித்த ஒரு வீட்டின் சாம்பலுக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட களிமண் முத்திரைகளை அகழ்வாளர்கள் கண்டெடுத்தார்கள். ஆவணங்கள் கருகிப்போயின, அவற்றைக் கட்டியிருந்த முத்திரைகளை அதே நெருப்பு சுட்டுக் கெட்டியாக்கிவிட்டது. ஒன்றில் இருக்கும் பெயர்: சாப்பானின் மகன் கெமரியா. அதே ஆள் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

பாருக்கின் முத்திரை என்று 1970-களில் பழம்பொருள் சந்தையில் வந்ததைப் பல புத்தகங்கள் இன்னும் காட்டுகின்றன. அது போலி என்றே இன்று பலர் கருதுகிறார்கள். அதைச் சாட்சியாகப் பயன்படுத்தாதீர்கள். மெய்யானவை போதுமான அளவு இருக்கின்றன.

முற்றுகைக்குள் நிலம் வாங்கினாரே, ஏன்?

32-ஆம் அதிகாரம். எரேமியா காவலில் இருக்கிறார். பாபிலோன் படை மண்மேடு போட்டுக்கொண்டிருக்கிறது. சிறிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத் நிலத்தை மீட்கும் உரிமை உனக்கு, வாங்கிக்கொள் என்கிறார். எதிரியின் கையிலிருக்கும் நிலம்! 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் கையெழுத்திட்டு, பத்திரம் முத்திரைபோட்டு, அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்தத் தேசத்தில் மறுபடி வீடும் நிலமும் வாங்கப்படும் என்பதற்கு அடையாளம். அழிவு வரும் என்று நாற்பது ஆண்டு சொன்னவர், அழிவு வந்து நிற்கும் நாளில் நம்பிக்கைக்குத் தன் பணத்தைக் கொடுத்தார்.

அவர் எப்படி இறந்தார்?

வேதாகமம் சொல்லவில்லை. பாபிலோன் ஆளுநராக நியமித்த கெதலியாவை நெத்தானியாவின் மகன் இஸ்மவேல் கொன்ற பின், மீந்தவர்கள் பயந்து எகிப்துக்குப் போனார்கள். போகவேண்டாம் என்ற எரேமியாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தகபானேசில் அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. கல்லெறிந்து கொன்றார்கள் என்பது பிற்காலப் பாரம்பரியம்.

புத்தகத்தின் வரிசை ஏன் இப்படிக் கலைந்திருக்கிறது?

காலவரிசைப்படி தொகுக்கப்படாததால். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்தப் புத்தகம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு, அதிகார வரிசையும் வேறு. சாக்கடல் அருகே உள்ள கும்ரான் குகைகளில் குறுகிய வடிவத்தை ஒத்த எபிரெயப் பிரதியும் கிடைத்தது, நீண்ட வடிவத்தை ஒத்ததும் கிடைத்தது. இரண்டு வடிவங்களும் பழமையானவை.

இவ்வளவு கண்டனம் இருக்கிறதே, யூதர்கள் மற்றவர்களைவிட மோசமானவர்களா?

இந்தக் கேள்வி வகுப்பில் மெதுவான குரலில் வரும். இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

பழங்கால ராஜ்யங்கள் விட்டுச்சென்ற கல்வெட்டுகளைப் பாருங்கள். அசீரியாவும் எகிப்தும் பாபிலோனும் தங்கள் வெற்றிகளைக் கல்லில் வெட்டின. தங்கள் ராஜா கூலி கொடுக்காதவன், தங்கள் ஆசாரியர் பொய்யர், தங்கள் தோல்விக்குக் காரணம் தங்கள் பாவம் என்று அவை பெரும்பாலும் வெட்டிவைக்கவில்லை. யூதர்கள் அதை எழுதினார்கள். ராஜா எரித்தபோது மறுபடி எழுதினார்கள். நகரமும் ஆலயமும் போன பின், தங்களைக் கண்டித்த மனிதரின் சொற்களையே சிறையிருப்புக்குள் சுமந்து சென்று, பிரதியெடுத்து, பரிசுத்த நூலாக்கினார்கள். அந்தச் சொற்களை இன்னொருவர் எடுத்து அவர்களையே அடிக்கும் கோலாக்குவது பெரிய அநியாயம். கிறிஸ்தவ சரித்திரத்தில் அது நடந்திருக்கிறது. பின்விளைவுகளை நாம் அறிவோம்.

எரேமியாவும் வெளியே நின்று பேசியவர் அல்ல. என் ஜனத்தின் குமாரத்திக்காக இரவும் பகலும் அழ என் கண்கள் ஊற்றாக வேண்டும் என்று கேட்டவர். கண்டித்தது அழுத வாய்.

யூதர்கள் இன்றும் தங்கள் நாட்காட்டியின் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் உபவாசமிருந்து, தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ உட்கார்ந்து, புலம்பல் புத்தகத்தை வாசிக்கிறார்கள். முதல் ஆலயத்துக்கும் கி.பி. 70-இல் ரோமர் அழித்த இரண்டாம் ஆலயத்துக்கும் சேர்த்து அந்தத் துக்கம். கொலையுண்ட கெதலியாவுக்கும் தனியாக ஓர் உபவாச நாள் உண்டு.

அந்தக் காலத்தில் பெண் தீர்க்கதரிசிகள் இருந்தார்களா?

இருந்தார்கள். ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தபோது யோசியா ஆள் அனுப்பியது உல்தாளிடம் (2 இராஜாக்கள் 22). எரேமியா அப்போது ஐந்தாண்டுகளாகத் தீர்க்கதரிசி. யூதர்களின் தால்மூத், உல்தாளையும் மிரியாமையும் தெபோராளையும் உட்பட ஏழு பெண் தீர்க்கதரிசிகளை எண்ணுகிறது.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

முதலில் 2 இராஜாக்கள் 22 முதல் 25 வரை. ராஜாக்களின் பெயர்கள் பிடிபடும். பிறகு எரேமியாவில் 1, 7, 26, 36. அடுத்து 28, 29, 32. பின்பு 37 முதல் 44 வரை ஒரே மூச்சில், கதையாக. அதன்பின் 20-ஆம் அதிகாரத்தில் அவர் கடவுளோடு வழக்காடுவதையும், 31-ஆம் அதிகாரத்தில் புதிய உடன்படிக்கையையும் நிதானமாக எடுங்கள். ஐந்தே வசனமுள்ள 45-ஆம் அதிகாரத்தைக் கடைசியில் வையுங்கள். அது பாருக்குக்கு மட்டும் சொன்னது.